இரும்பு மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையா?

மருந்துமேசை
முதலில் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது பல நேரம், இரும்பு சேர்ந்த ரசாயன உப்பின் மொத்த எடை. கணக்கு, அதற்குள் இருக்கும் இரும்புக்குத்தான். உலர் ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி.யில் இரும்பு 65 மி.கி.; ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மி.கி.யில் வெறும் 35. அரசு தரும் கர்ப்பிணிகளுக்கான சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும்.

அடிக்கடி நடக்கும் தப்பு, கால்சியத்தையும் இதையும் சேர்த்து ஒரே மடக்கில் விழுங்குவது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீ, காபிக்கும் அப்படியே. அசிடிட்டி மாத்திரை தினமும் ஓடினால் வயிற்றில் அமிலம் குறையும், இரும்பு சரியாகக் கரையாது. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான். அதற்குப் பயந்து நிறுத்துகிறவர்கள் ஏராளம்.

அடுப்படி
முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு, ஆனால் குடல் அதில் கொஞ்சத்தைத்தான் எடுக்கும். எலுமிச்சையை இறக்கி வைத்த பிறகு பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால், இரும்பைப் பிடித்து வைக்கும் ஃபைட்டேட் குறையும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இத்தனை பாடும் வீண்.

மருந்துமேசை
ஒன்று விட்டுப்போச்சு. ஒரே வேளையில் 60 மி.கி. இரும்போ அதற்கு மேலோ போட்டால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஏறக்குறைய ஒரு நாளைக்கு அடுத்த வேளை இரும்பை உள்ளே விடாமல் தடுக்கும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

லேப்பக்கம்
ஒழுங்காகப் போட்டால் மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராம் அளவுக்கு ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஃபெரிட்டின் பாருங்கள், உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அது. 15க்குக் கீழ் என்றால் சேமிப்பு காலி. காய்ச்சல், அழற்சி இருக்கும்போது எடுத்தால் பொய்யாக உயர்ந்து காட்டும், கூடவே அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையும் பாருங்கள். எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) குறைவு, சிவப்பணு எண்ணிக்கை அதிகம், ஃபெரிட்டின் சரி என்றால், ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் குறையான தலசீமியாவின் மரபுக்கூறாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி பரிசோதனை வேண்டும், இரும்பு உதவாது.

இன்னொரு ஒளிந்த காரணம், துத்தநாக (ஜிங்க்) மாத்திரை. நாளுக்கு 50 மி.கி. என்று மாதக்கணக்கில் போட்டால் குடலில் தாமிரம் உறிஞ்சப்படாது. தாமிரம் குறைந்தால் சோகை வரும், வெள்ளணுவும் இறங்கும், நடை தள்ளாடும். இரும்பை எவ்வளவு கூட்டினாலும் ஹீமோகுளோபின் அசையாது. மாத்திரை என்னென்ன என்று கேட்டால், "அது சத்து மாத்திரைதானே" என்று இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். டப்பாவையே எடுத்து வரச் சொல்வது மேல்.