தமிழில் உயர்தரம் படித்து வந்தவன்: பேராதனையில் விரிவுரைகள் விளங்கவில்லை

கேள்வி (முதலாம் வருட மாணவன், கிளிநொச்சி)

வணக்கம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்கு வந்து ஐந்து வாரங்களாகின்றன. பல்கலைக்கழக அனுமதிக்கான பாடசாலைப் பரீட்சையான உயர்தரத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றையும் தமிழிலேயே படித்து வந்தவன் நான். விரிவுரையாளர் பலகையில் எழுதும் சமன்பாடு எனக்கு நன்கு தெரிந்ததாகவே இருக்கிறது. ஆனால் அவர் அதை ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கியதும் என் கொப்பியில் வசனங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. சீனியர் அண்ணாமார் நடத்தும் குப்பி வகுப்புகளுக்குப் போகிறேன், ஆனால் "இதுகூடத் தெரியாதா" என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் அங்கும் வாய் திறப்பதில்லை. அறையில் என்னுடன் இருக்கும் இருவரும் சிங்கள மாணவர்கள். புன்னகையோடு எங்கள் பேச்சு முடிந்துவிடுகிறது. மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தவன் என்பதால் எனக்கு இங்கே இருக்கத் தகுதி இல்லையோ என்றும் இரவில் தோன்றுகிறது. அப்பா தொலைபேசியில் கேட்கும்போது "எல்லாம் நல்லாப் போகுது" என்கிறேன். இந்த நிலை எப்போது மாறும்?

பதில் 1 (மன்னாரைச் சேர்ந்த பழைய மாணவி)

தம்பி, நானும் அதே பீடத்தில் படித்தவள்தான். முதல் மாதம் ஒரு விரிவுரை முழுவதும் 'அக்சலரேஷன்' என்ற சொல் வந்துகொண்டே இருந்தது. அது நான் இரண்டு வருடங்களாகக் கணக்குச் செய்து பழகிய ஆர்முடுகல்தான் என்று பிடிபட அரை மணித்தியாலம் ஆயிற்று, அதற்குள் அவர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். அன்று இரவு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, ஒரு பக்கம் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலும், எதிரே திணிவு, உந்தம், உராய்வு, வகையீடு, தொகையீடு என்று எனக்குத் தெரிந்த சொற்களையும் எழுதத் தொடங்கினேன். ஒரு பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நாம் பயப்படும் அளவுக்கு அதிகம் இல்லை என்பது, அந்தப் பட்டியல் இரண்டு பக்கங்களைத் தாண்டாதபோதுதான் தெரிந்தது.

அதைவிட முக்கியமான ஒன்று. என் அறைத்தோழி மொனராகலையைச் சேர்ந்தவள். அவள் ஆங்கிலத்தில் கெட்டிக்காரி என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். ஒருநாள் அவள் என் பட்டியலை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கொப்பியைத் திறந்து காட்டினாள். அங்கே ஆர்முடுகலுக்கு எதிரே சிங்களத்தில் 'த்வரணய' என்று எழுதியிருந்தது. அவளும் பாடசாலையில் தாய்மொழியில்தான் படித்தவள், அவளும் என்னைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறாள். உங்கள் மண்டபத்தில் பெரும்பாலானோர் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், தம்பி. யாரும் வெளியே சொல்வதில்லை. குப்பியில் முதல் கேள்வியை நீங்கள் கேட்டுப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவன் உடனே பேனையை எடுப்பான்.

பதில் 2 (வேறொரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்பிப்பவர்)

மேலே சொன்ன பட்டியலுடன் வினாத்தாளின் ஏவல் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடைத்தாள் திருத்தும்போது நான் காணும் தவறுகளில் கணிசமானவை கணிதத் தவறுகளே அல்ல. வினா எதைக் கேட்கிறது என்பதைத் தவறவிட்டதால் வந்தவை. 'ஹென்ஸ்' என்று தொடங்கினால் அது நீங்கள் உயர்தர வினாத்தாளில் பார்த்த "இதிலிருந்து" என்பதே. முன் பகுதியில் பெற்ற விடையைப் பயன்படுத்தியே மேலே செல்ல வேண்டும். 'ஸ்டேட்' என்றால் கூறினால் போதும், நிறுவத் தேவையில்லை. அதை நிறுவிக்கொண்டிருந்து இருபது நிமிடங்களை இழப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். விடையில் இலக்கணப் பிழை இருப்பதற்காக நான் புள்ளி குறைப்பதில்லை. படிமுறையும் அலகும் சரியாக இருக்கின்றனவா என்றே பார்ப்பேன்.

"எப்போது மாறும்" என்று கேட்டீர்கள். என் மாணவர்களில் பலர் முதல் அரையாண்டு முடிவதற்குள் விரிவுரையைப் பின்தொடரத் தொடங்கிவிடுகிறார்கள், பேசுவதற்குத்தான் இன்னும் காலம் எடுக்கிறது. ஆனால் அதுவரை காத்திருந்துவிட்டுப் படிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். குடிசாரா, மின்னா, கணினியா என்ற துறைத் தெரிவில் முதல் வருடப் பெறுபேறுகள் எண்ணப்படும். விரிவுரைக்கு முதல் நாள் அந்த அத்தியாயத்தின் உருவப்படங்களையும் சமன்பாடுகளையும் மட்டும் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். தெரிந்த பொருளைப் பற்றிய ஆங்கிலம் காதில் ஏறும், தெரியாத பொருளைப் பற்றியது ஏறாது. விரிவுரை முடிந்தபின் தனியாக வந்து கேட்கும் மாணவரை எந்த ஆசிரியரும் மட்டமாக நினைப்பதில்லை. உண்மையைச் சொன்னால், யாராவது வரமாட்டார்களா என்று நான் மேசையைத் துடைத்துக்கொண்டு நிற்பதுண்டு.

பதில் 3 (முல்லைத்தீவு)

ஒதுக்கீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்பது நாடு முழுவதற்குமான நடைமுறை. அப்படியானால் உங்கள் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் தத்தம் மாவட்டத்தின் பெயரால் வந்தவர்களே. ஆய்வுகூடத்தில் யாரும் யாருடைய இசட் புள்ளியையும் (அனுமதிக்காகக் கணக்கிடப்படும் உயர்தரப் புள்ளி) கேட்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் வளாகத்திலுள்ள குறிஞ்சிக்குமரன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். பக்திக்காக இல்லாவிட்டாலும், ஊர்த்தமிழ் கேட்பதற்காகவாவது. அப்பாவிடமும் கொஞ்சம் உண்மையைச் சொல்லலாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அக்கா சொன்னதுபோல் நேற்றிரவு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது, அடுத்த கட்டிலில் இருந்தவன் எழுந்து வந்து 'ஃபிரிக்‌ஷன்' என்பதற்கு எதிரே நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று கையைக் காட்டிக் கேட்டான். உராய்வு என்று வாசித்துக் காட்டினேன். அவனால் அந்த 'ழ' இல்லாத சொல்லைக்கூடச் சரியாக உச்சரிக்க முடியவில்லை, இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவன் பேனையை வாங்கி மூன்றாவது நிரல் ஒன்று போட்டு 'கர்ஷணய' என்று எழுதினான். இன்று மாலை குப்பிக்கு இருவரும் ஒன்றாகப் போகிறோம். நிலையியல் கணக்கு ஒன்றைக் கேட்பதாக இருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் பேசவில்லை.