கலைச்சொல்: ‘கையாளும் நினைவு’ (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவுளைச்சல் கையேடு)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவுளைச்சல் குறித்த நம் கையேட்டில் ‘குறுகிய கால நினைவு’ என்ற வழக்கே போதும் என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறுகிய கால நினைவு என்பது கேட்டதைச் சற்று நேரம் தக்கவைப்பது மட்டுமே. 1974இல் ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்ச்சும் முன்வைத்த, ஆங்கிலத்தில் ‘working memory’ எனப்படும் கருத்தாக்கமோ, தக்கவைத்ததை உடனுக்குடன் புரட்டி, வரிசை மாற்றி, வேண்டாததை விலக்கிப் பயன்படுத்தும் ஆற்றலைக் குறிப்பது.

வேலையிட விபத்தில் உயிர் தப்பிய தமிழக ஊழியர் ஒருவருக்காக, நினைவுச் சோதனையின்போது மொழிபெயர்க்க உடனிருந்தேன். ஏழு, இரண்டு, ஒன்பது, நான்கு என்ற எண்களைக் கேட்டவர் அப்படியே திருப்பிச் சொன்னார். தலைகீழாகச் சொல்லச் சொன்னதும், “நாலு, ஒன்பது” என்று தொடங்கியவர், வெளியே லாரி பின்வாங்கும் எச்சரிக்கை ஒலி கேட்டுச் சன்னல் பக்கம் திரும்பினார். அதற்குமேல் நகரவே இல்லை. இந்த ஒன்றைக் கொண்டு நோயை முடிவுசெய்ய இயலாதுதான். ஆயினும், ஒலியை ஒதுக்கிவிட்டு எண்களோடு இருக்க முடியாத அந்தத் தடுமாற்றத்துக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

இதற்கு மூளையில் விளக்கம் உண்டு. நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதி, நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் அளவோடு சுரக்கும்போது கூர்மையாக இயங்குகிறது. அது மிகுந்துவிட்டால் அப்பகுதியின் பிடி தளர்ந்து, ஆபத்தை உணர்த்தும் அமிக்டலாவின் கை ஓங்கிவிடுகிறது. ஆனால், நினைவுகளைப் பதிவுசெய்ய உதவும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸ் அதிர்ச்சியால் சுருங்கிவிடும் என்று வரைவில் உறுதிபட எழுதியிருப்பதை நீக்க வேண்டுகிறேன். வியட்நாம் போரில் ஈடுபட்டோரையும், போருக்குச் செல்லாத அவர்களுடைய ஒத்த இரட்டையரையும் ஒப்பிட்டு 2002இல் வெளிவந்த ஆய்வு, அப்பகுதி சிலருக்கு முன்பிருந்தே சிறியதாக இருந்திருக்கலாம் என்று காட்டியது. தம் மூளை சிதைந்துவிட்டதென்று ஒருவர் அஞ்ச நாம் காரணமாகக் கூடாது.

இனி, கலைச்சொல்லுக்கு வருவோம். ‘பணி நினைவு’ என்றால் வேலையைப் பற்றிய நினைவு என்றே ஊழியர்கள் கொள்வர். ‘செயல்படு நினைவகம்’ கணினியையோ தலைவர்களின் நினைவகங்களையோ மனத்தில் கொண்டுவரும். ‘கையாள் நினைவு’ வினைத்தொகையாகச் செறிவாக அமைந்தாலும், ‘கையாள்’ என்பது ஏவலாளையும் குறிப்பதால் தயங்குகிறேன். ஓரெழுத்து கூடினாலும் ‘கையாளும் நினைவு’ என்பதே, எழுதப் படிக்கச் சிரமப்படுபவருக்கும் வாய்மொழியாகச் சொன்னாலே விளங்கும்.

ஒரே ஓர் இடர்ப்பாடு: கையேட்டின் ஐந்தாம் பகுதிக்கு ‘அச்ச நினைவுகளைக் கையாளுதல்’ என்று தலைப்பிட்டிருக்கிறோம். இரண்டும் ஒன்றென்று வாசகர் மயங்கக்கூடும். அந்தத் தலைப்பை ‘அச்ச நினைவுகளை எதிர்கொள்ளுதல்’ என்று மாற்ற இசைவீர்களா? மறுப்பிருந்தால், அச்சுக்குப் போகுமுன் காரணத்தோடு எழுதுங்கள்.