மறுமொழி: வளர்விளக்கா, பயிர்விளக்கா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மொரீசியசின் கியூர்பிப்பில் நடக்கும் எங்கள் மாலைத் தமிழ் வகுப்பின் அறிவியல் தாள் வரும் வாரம் அச்சுக்குப் போகவேண்டும். ஆடி மாத மூட்டத்திலும் தூறலிலும் வீட்டுக்குள் கொத்தமல்லி வளர்க்க எந்த விளக்கு ஏற்றது என்பதே பாடம். எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கொத்தமல்லியைக் ‘கொத்தோமிலி’ என்றே சொல்லி வளர்ந்த பிள்ளைகளுக்குச் செடியின் பெயரில் இடர்ப்பாடு இல்லை. விளக்கின் பெயரில்தான் இருக்கிறது: செடி வளர ஒளி தரும் விளக்கை (ஆங்கிலத்தில் grow light) ‘வளர்விளக்கு’ என்பதா, ‘பயிர்விளக்கு’ என்பதா என்பதே நாம் பேசிவரும் கேள்வி.

‘வளர்விளக்கு’ வினைத்தொகையாதலால் ‘வளரும் விளக்கு’ என்றே பொருள்படும், வளர்வதோ செடி என்று டர்பன் அன்பர் மறுத்திருந்தார். வினைத்தொகை காலம் கரந்த பெயரெச்சம். பெயரெச்சம் செய்பவனை மட்டுமன்றிக் கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகியவற்றையும் கொண்டு முடியும் என்பது நன்னூல் நெறி. எழுதுகோல் தானே எழுதுவதில்லை, உண்கலம் உண்பதில்லை. செடி வளரக் கருவியாகும் விளக்கு வளர்விளக்கு என்பதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ‘பயிர்விளக்கு’ம் நல்ல சொல்லே; ஆனால் சமையலறைச் சன்னலோரத் தொட்டியைப் பயிர் என்று சொல்ல என் நா எழவில்லை. ‘பசுமைவிளக்கு’ மட்டும் வேண்டவே வேண்டாம்: இலை மிகுதியாக உள்வாங்குவது சிவப்பையும் நீலத்தையும், பிள்ளைகளோ பச்சைக் குமிழைத் தேடிப் போவார்கள்.

எனக்குப் பெருங்கவலை தருவது, தாளில் விளக்குகளை ஒப்பிடும் அட்டவணையில் லூமென் என்று தலைப்பிட்ட பத்திதான். லூமென் மனிதக் கண்ணுக்காக வகுத்த ஒளியளவு. 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பசுமஞ்சள் ஒளிக்கு அது உச்ச மதிப்பைத் தருகிறது. செடிக்கு வேண்டியது, 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு) விழுகின்றன என்ற கணக்கு. இதற்கு ‘இலையொளி’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். அட்டவணையில் இலையொளிக்கென ஒரு பத்தி இல்லாவிட்டால், கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதே செடிக்கும் நல்லது என்று பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள். மைக்ரோமோலையும் தமிழாக்கவேண்டும் என்னும் கருத்தை நான் ஏற்கவில்லை. அலகுகள் உலகப் பொது.

விளக்குகளின் பெயர்களில் நீண்ட வழக்கு வேண்டாம். பெரும்பகுதி மின்சாரத்தை வெப்பமாக இழக்கும் குண்டு பல்பு, இலைக்குச் சாண் உயரத்திலேயே தொங்கவிடத்தக்க குழல்விளக்கு, வீட்டறைக்குப் பொருந்தாத வெப்பத்தைக் கக்கும் உயரழுத்தச் சோடியம் விளக்கு என்று எழுதியிருக்கிறேன். எல்இடி விளக்குக்கு ‘ஒளியுமிழ் இருமுனையம்’ தமிழகச் சொல், ‘ஒளிகாலும் இருவாயி’ இலங்கைச் சொல். இரண்டும் செப்பமானவையே என்றாலும், கடையில் கேட்டு வாங்கப்போவது எல்இடிதான். எனவே தமிழ்ச்சொல்லை ஒருமுறை விளக்கிவிட்டு, பிற இடங்களில் எல்இடி என்றே எழுதுகிறேன்.

வியாழனுக்குள் வலுவான மறுப்பு வராவிட்டால் ‘வளர்விளக்கு’ என்று அச்சிட்டு, ‘பயிர்விளக்கு’ என்றும் வழங்கலாம் என அடிக்குறிப்பிடுவேன். டர்பன் அன்பர் இதற்கும் உடன்படமாட்டார் என்பது தெரியும். ‘இலையொளி’யைப் பற்றி அனைவரும் தயங்காமல் எழுதுங்கள்.