மோட்டோரோலா டிராய்டில் அந்தக் கீபோர்டு தேவைதானா?

பழையசாமான்:
2009 நவம்பர் 6 அன்று அமெரிக்காவில் வெரிசோன் நெட்வொர்க் வழியாக வந்த டிராய்டு போனைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, "அந்த இழுக்கிற கீபோர்டு எதுக்குய்யா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். போனின் தடிமன் 13.7 மி.மீ. கீபோர்டே இல்லாத ஐபோன் 3ஜிஎஸ் 12.3. வெறும் 1.4 மி.மீ. கூடுதலில் ஒரு முழு கீபோர்டையும் அது நகர்வதற்கான அமைப்பையும் உள்ளே ஒளித்து வைத்திருந்தார்கள். முந்தைய ஆண்டு வந்த டி-மொபைல் ஜி1-ஐப் பக்கத்தில் வைத்தால் அது செங்கல். அந்தக் காலத்து ஸ்லைடர்களில், அதாவது இழுக்கிற கீபோர்டு போன்களில், இதைவிட நேர்த்தியானது இல்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கண்ணாடிக்கட்சி:
வந்துவிட்டேன். அந்த 1.4 மி.மீ. கணக்கில் நஷ்டப்பட்டது யார்? பட்டன்கள்தான். மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எந்த எழுத்தில் விரல் இருக்கிறது என்றே தெரியாது. மேல் வரிசையை அழுத்தப் போனால் திரையின் விளிம்பில் நகம் இடிக்கும். வலது ஓரத்தில் டி-பேடு வேறு, கர்சரை நாலு திசைக்கும் நகர்த்துகிற பட்டன். அதற்கு இடம்விட்டு மொத்த எழுத்துகளும் இடப்பக்கம் தள்ளிப்போக, வலது கட்டைவிரல் எட்டி எட்டி அடிக்க வேண்டியதாயிற்று. ஜி1-இல் எண்களுக்கென்று தனி வரிசையோடு ஐந்து வரிசை இருந்தது. இதில் நாலுதான். மெலிவுக்காகக் கீபோர்டைக் கெடுத்துவிட்டு, அதற்குப் பெயர் நேர்த்தியா?

டெர்மினல்வாசி:
இரண்டு பேரும் பட்டனையே தடவிக்கொண்டிருக்கிறீர்கள். கீபோர்டின் உண்மையான லாபம் திரையில் இருந்தது. 854x480 திரையைப் படுக்கவைத்துத் தொடுதிரையில் தட்டச்சு செய்தால் ஆண்ட்ராய்டு என்ன செய்யும்? கீழ்ப்பாதியில் எழுத்துகள், மேல்பாதியில் ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி. யாருக்குப் பதில் எழுதுகிறோம், அவர் என்ன கேட்டார் என்பதெல்லாம் மறைந்துவிடும். கீபோர்டை இழுத்துவிட்டால் முழுத் திரையும் நம்முடையது. கனெக்ட்பாட் என்ற ஆப்பில், எங்கோ இருக்கும் சர்வருக்குள் நுழைந்து வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். டி-பேடின் நடுவே ஒரு அழுத்து, அதுதான் கண்ட்ரோல் பட்டன். பிறகு சி. ஓடிக்கொண்டிருந்த கட்டளை நின்றுவிடும். வலது பக்கம் வீணாய்ப் போனது என்று கண்ணாடிக்கட்சி சொல்லும் இடம் இதுதான்.

கண்ணாடிக்கட்சி:
சரி, சர்வருக்குள் நுழைபவர்களுக்காகவா அத்தனை போன் விற்றது? அப்போது அமெரிக்காவில் ஐபோன் வேண்டுமென்றால் ஏடி அண்ட் டி-க்குத்தான் போக வேண்டும். வெரிசோனுக்கு அது வந்ததே 2011 பிப்ரவரியில். நெட்வொர்க்கை விட மனமில்லாதவர்களுக்கு டிராய்டு கிடைத்தது. கூடவே திருப்பத்துக்குத் திருப்பம் வாயால் வழிசொல்லும் கூகுள் மேப்ஸ் இலவசம். இந்த இரண்டும்தான் விற்பனைக்குக் காரணம். கீபோர்டு உடன் வந்தது, அவ்வளவுதான்.

பழையசாமான்:
அப்படியானால் விளம்பரத்தை மறந்துவிட்டீர்களா? ஐபோனைக் கிண்டலடித்த அந்த 'ஐ டோண்ட்' விளம்பரத்தில் முதல் குறையாகச் சொன்னதே "நிஜமான கீபோர்டு கிடையாது" என்பதுதான். பேட்டரியைக் கழற்ற முடியாது என்பதெல்லாம் அப்புறம். விற்றவனுக்கே தெரிந்திருக்கிறது எதை முன்னால் வைக்க வேண்டும் என்று.

ஓரம்போ:
நோக்கியா என்900 வைத்திருந்தவன் நான். 18 மி.மீ. தடிமன்; கீபோர்டு மூன்றே வரிசை. உங்கள் சண்டையைப் பார்க்க ஆனந்தமாக இருக்கிறது, தொடருங்கள்.

நடுவிரிசை:
ஒரு விஷயம் விட்டுப்போகிறது. 2008 அக்டோபரில் ஜி1 வந்தபோது ஆண்ட்ராய்டில் தொடுதிரைக் கீபோர்டே கிடையாது. ஒரு வார்த்தை தேட வேண்டுமென்றாலும் போனைத் திறந்தாக வேண்டும். 2009-இல் 1.5 பதிப்பு வந்த பிறகுதான் திரையில் தட்ட முடிந்தது. டிராய்டு வரும்போது இரண்டும் ஒரே கையில். அதுவும் 2.0-இல், இரண்டு கட்டைவிரலால் வேகமாக அடித்தாலும் எழுத்து விட்டுப்போகாதபடி திரைக் கீபோர்டைச் சரிசெய்திருந்தார்கள். ஆக, ஸ்லைடருக்குப் போட்டி வெளியிலிருந்து வரவில்லை. அதே போனுக்குள்தான் இருந்தது. சின்னச் செய்திக்குத் திரை, நீளமாக எழுதக் கீபோர்டு என்று பழகியவர்கள், நாளாக ஆக நீளமானதையும் திரையிலேயே எழுத ஆரம்பித்தார்கள் என்பது என் ஊகம்.

டெர்மினல்வாசி:
பழகினார்களா, பழக்கினார்களா? மோட்டோரோலாவே பதில் சொல்லிவிட்டது. 2010 ஆகஸ்டில் டிராய்டு 2: டி-பேடு போய், அம்புக்குறி பட்டன்கள் வந்தன. 2011-இல் டிராய்டு 3: ஐந்தாவது வரிசை வந்தது. 2012 பிப்ரவரியில் டிராய்டு 4. கீபோர்டு ஒவ்வொரு முறையும் தேறிக்கொண்டே வந்திருக்கிறது. குறை சொல்பவர்கள் எல்லாரும் முதல் போனை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள்.

கண்ணாடிக்கட்சி:
நல்ல உதாரணமாக எடுத்துக் கொடுத்தீர்கள், நன்றி. டிராய்டு 4 தடிமன் 12.7 மி.மீ. பேட்டரி 1785 எம்ஏஎச், கழற்றவும் முடியாது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அதே மோட்டோரோலா, கீபோர்டு இல்லாத டிராய்டு ரேசரை வெளியிட்டது. 7.1 மி.மீ., பேட்டரி 1780. கழித்துப் பாருங்கள். ஒரு கீபோர்டுக்கு 5.6 மி.மீ. விலை. 2009-இல் 1.4 என்று பழையசாமான் பெருமைப்பட்டாரே, அந்த இடைவெளி இரண்டே வருடத்தில் நாலு மடங்கு ஆகிவிட்டது. கீபோர்டு தடிக்கவில்லை, மற்ற போன்கள் இளைத்துவிட்டன.

பழையசாமான்:
இந்தக் கழித்தலை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது உங்கள் பக்கம் பேசவில்லை. போனை யாரும் ஸ்கேல் வைத்து அளந்து பயன்படுத்துவதில்லை. ரேசரின் 7.1-ம் கேமரா இருக்கும் மேல்பகுதியைத் தவிர்த்த கணக்குதான். அங்கே அது புடைத்திருக்கும். 5.6 மி.மீ. கொடுத்து முழுத் திரை கிடைக்கும் என்றால் கொடுக்க ஆள் இருந்தது. கடையில் ரேசர் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது யார் எடுப்பார்கள் என்பது வேறு கதை.

கண்ணாடிக்கட்சி:
அந்த வேறு கதையைத்தான் நான் முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்.

டெர்மினல்வாசி:
டி-பேடைத் திட்டியதற்கு மட்டும் பதில் பாக்கி இருக்கிறது. நீளமான சொல்லின் நடுவில் ஒரு எழுத்து தப்பு. 2.0-இல் விரலால் கர்சரை அங்கே கொண்டுபோய் வைத்துக் காட்டுங்கள். இழுத்து வைக்கும் கைப்பிடி வந்ததே 2010 டிசம்பரில், 2.3 பதிப்பில். அதுவரை அந்த டி-பேடில் இடப்பக்கம் இரண்டு தட்டு, வேலை முடிந்தது. முதலில் இதை மறுத்துவிட்டு வாருங்கள், பிறகு நகம் இடித்த கதையைப் பேசலாம்.