இருவழி அட்டவணையில் ஒரே கட்டத்துக்கு மூன்று சதவீதம் வருகிறது, எதை எழுதுவது?

முதலாண்டு மாணவி

வணக்கம். புள்ளியியல் செய்முறைக்காக எங்கள் விடுதியில் ஒரு சின்னக் கணக்கெடுப்பு நடத்தினேன். கேள்வி இரண்டுதான். படுத்த பிறகு கைபேசி பார்ப்பீர்களா? மறுநாள் வகுப்பில் தூக்கம் வருகிறதா? பதில்களை இப்படி அடுக்கியிருக்கிறேன்:

| | தூக்கம் வரும் | வராது | மொத்தம் |
|---|---|---|---|
| பார்ப்பவர் | 72 | 48 | 120 |
| பார்க்காதவர் | 12 | 28 | 40 |
| மொத்தம் | 84 | 76 | 160 |

72 இருக்கும் கட்டத்தில்தான் சிக்கல். 160ஆல் வகுத்தால் 45%, 120ஆல் வகுத்தால் 60%, 84ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 86%. எக்செல் பிவட் டேபிளில் சதவீதம் கேட்டால் 45, 30, 7.5, 17.5 என்று காட்டுகிறது, 60 வரவே இல்லை. கூடப் படிக்கும் தோழி, "86தான் பெரிசா இருக்கு, அதையே போடு. கைபேசியாலதான் தூக்கம்னு அடிச்சுச் சொல்லலாம்" என்கிறாள். எது சரி?

எண்விரும்பி

மூன்றும் சரிதான். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதுதான் மாறுகிறது. 45% என்பது கேட்ட எல்லோரிலும் "பார்ப்பேன், தூக்கமும் வரும்" என்றவர்கள். 60% என்பது பார்ப்பவர்களுக்குள் தூக்கம் வருபவர்கள். 86% என்பது தூக்கம் வருபவர்களுக்குள் பார்ப்பவர்கள்.

எக்செலும் தவறு செய்யவில்லை. நான்கையும் கூட்டினால் 100 வருகிறது அல்லவா? ஒட்டுமொத்தத்தில் பங்கு எடுத்திருக்கிறது. கட்டத்தில் வலது கிளிக் செய்து, 'ஷோ வேல்யூஸ் ஆஸ்' போய், '% ஆஃப் ரோ டோட்டல்' தேர்ந்தெடுங்கள். முதல் நிரையில் 60, 40 என்றும் அடுத்ததில் 30, 70 என்றும் வரும். யாருடைய சதவீத அட்டவணையைப் பார்த்தாலும் எந்தப் பக்கமாகக் கூட்டினால் 100 வருகிறது என்று முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பழைய வாத்தியார்

உங்கள் தோழி சொல்லும் 86ஐப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். தூக்கம் வருபவர்களில் 86% பேர் கைபேசி பார்ப்பவர்கள், உண்மைதான். ஆனால் விடுதியில் கேட்டவர்களிலேயே 75% பேர் பார்ப்பவர்கள்தானே! கடைசி நிரலில் 120, 160 என்று இருக்கிறதே, அதைப் பாருங்கள். தூக்கத்துக்கும் கைபேசிக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் இருந்திருந்தாலும் அந்த எண் 75ஐ ஒட்டித்தான் வந்திருக்கும். பெரிய கூட்டம் எந்தப் பட்டியலிலும் பெரிதாகத்தான் தெரியும்.

டைட்டானிக் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். பாடங்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் தரவில் 2,201 பேர், அதில் பிழைத்தவர்கள் 711. பிழைத்தவர்களைப் பிரித்தால் கப்பல் ஊழியர்கள் 212, முதல் வகுப்புப் பயணிகள் 203. இதை மட்டும் பார்ப்பவர் ஊழியர்கள்தான் நன்றாகத் தப்பினார்கள் என்று நினைப்பார். ஊழியர்கள் மொத்தம் 885 பேர், முதல் வகுப்பில் 325 பேர். பிழைத்த விகிதம் 24%, 62%. கதையே தலைகீழ்.

உங்கள் கேள்வி "பார்ப்பவர்களுக்குத் தூக்கம் கூடுதலாக வருகிறதா" என்பது. அப்படியென்றால் கீழே 120ஐயும் 40ஐயும் போடுங்கள். 60%க்கு எதிரே 30%. 60ஐ மட்டும் எழுதி 30ஐ விட்டுவிட்டால் ஒப்பிட ஒன்றுமே இல்லை.

முதலாண்டு மாணவி

புரிந்தது சார். நிரை வாரியாகவே எடுக்கிறேன். ஆனால் பார்க்காதவர்கள் 40 பேர்தானே, இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாமே?

எண்விரும்பி

அதற்குத்தான் கை வர்க்கச் சோதனை (chi-square test), கார்ல் பியர்சன் 1900இல் கொடுத்தது. தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் முதல் கட்டத்தில் எத்தனை பேர் இருக்க வேண்டும்? நிரை மொத்தம் பெருக்கல் நிரல் மொத்தம், வகுத்தல் ஒட்டுமொத்தம்: 120 × 84 ÷ 160 = 63. உங்களிடம் இருப்பது 72. ஒன்பது கூடுதல். மற்ற மூன்று கட்டங்களில் 57, 21, 19 வர வேண்டும், அங்கும் ஒன்பதுதான் வித்தியாசம்.

ஒவ்வொன்றிலும் அந்த ஒன்பதின் வர்க்கமான 81ஐ எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டினால் சுமார் 10.83. இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு 5% மட்டத்தில் எல்லை 3.84, அதாவது தொடர்பே இல்லாதபோது தற்செயலாக இதைத் தாண்டும் வாய்ப்பு சுமார் 5%தான். தாராளமாகத் தாண்டிவிட்டது, தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. எதிர்பார்த்த எண் ஏதாவது ஒரு கட்டத்தில் 5க்குக் கீழே போனால் மட்டும் இந்தச் சோதனையை நம்பாதீர்கள்.

பழைய வாத்தியார்

சரி, தற்செயல் இல்லை. அதற்காகக் கைபேசிதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். தேர்வு நெருங்கியவர்கள் இரவில் விழித்திருந்து படிக்கலாம், இடையில் கைபேசியும் பார்க்கலாம். மூன்றாவதாக ஒன்று உள்ளே புகுந்தால் அட்டவணை சொல்வதே மாறிப்போகும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973இல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44% பேருக்கும் பெண்களில் சுமார் 35% பேருக்கும் இடம் கிடைத்தது. பாகுபாடு போலத்தான் தெரிந்தது. துறை வாரியாகப் பிரித்ததும் அந்த இடைவெளி காணாமல் போய்விட்டது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குத்தான் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். உங்கள் தாளில் எந்த ஆண்டு மாணவர் என்று குறித்திருந்தால் ஆண்டு வாரியாகப் பிரித்து இதே அட்டவணையைப் போட்டுப் பாருங்கள்.

முதலாண்டு மாணவி

ஆண்டு இருக்கிறது, பிரித்துப் பார்க்கிறேன். இப்போதைக்கு இப்படி எழுதலாமா: "படுத்த பிறகு கைபேசி பார்ப்பவர்களில் 60% பேருக்கும் பார்க்காதவர்களில் 30% பேருக்கும் வகுப்பில் தூக்கம் வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது."

இன்னொன்று. 3 பேர் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதாமல் கொடுத்துவிட்டார்கள். அவர்களை "வராது" பக்கம் சேர்த்துவிடலாமா?

எண்விரும்பி

வாக்கியம் நன்றாக இருக்கிறது. "வருகிறது" என்பதை மட்டும் "வருவதாகச் சொன்னார்கள்" என்று மாற்றுங்கள், நீங்கள் வகுப்பில் உட்கார்ந்து எண்ணவில்லையே. அந்த 3 பேரை எந்தக் கட்டத்திலும் திணிக்க வேண்டாம். அட்டவணைக்குக் கீழே "163 பேரில் 160 பேர் இரண்டு கேள்விக்கும் பதில் தந்தனர்" என்று ஒரு வரி போடுங்கள். ஒரே விடுதியில் எடுத்தது என்பதையும் அதோடு எழுதிவிடுங்கள், வாய்மொழித் தேர்வில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.