சினகால்செட் மாத்திரை: வாந்தி ஒரு பக்கம், வாயைச் சுத்தி மதமதப்பு ஒரு பக்கம்

பவானி மெஸ்:

வணக்கமுங்க. எனக்கு வயசு 44. பவானியில நானும் வீட்டுக்காரரும் சின்னதா மெஸ் நடத்துறோம். டயாலிசிஸ் ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆச்சு. திங்கள், புதன், வெள்ளி காலையில 6 மணி ஷிப்ட். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில ஓடுது, அதனால டயாலிசிஸுக்குக் காசு இல்லீங்க. மாத்திரை மட்டும் சிலது வெளியில வாங்குறோம்.

பி.டி.எச். (கழுத்துல இருக்கற பாராதைராய்டு சுரப்பியோட ஹார்மோன்) 1180 வந்துருச்சுன்னு, அதைக் குறைக்க டாக்டர் சினகால்செட் 30 மி.கி. தினம் ஒண்ணு எழுதினாரு. ஆரம்பிக்கறப்ப கால்சியம் 9.1. இப்ப எடுத்ததுல 7.8. ஆல்புமின் (ரத்தத்துல இருக்கற ஒரு புரதம்) 3.5, பாஸ்பரஸ் 6.4.

மாத்திரையைக் காலையில டீ குடிச்சதும் போட்டுக்குவேன். ஒரு மணி நேரத்துல குமட்ட ஆரம்பிச்சிரும். எங்க பொழைப்பே அடுப்படியிலதான். கடுகு வெடிக்கற வாசம் வந்தாப் போதும், பின்கட்டுக்கு ஓடோணும். டயாலிசிஸ் அன்னைக்கு நாற்காலியிலயே வாந்தி எடுத்திருக்கேன், பக்கத்து பெட்காரங்க முகத்தைத் திருப்பிக்கறாங்க, சங்கடமா இருக்குது.

இன்னொண்ணு, டயாலிசிஸ் முடியற கடைசி ஒரு மணி நேரத்துல உதட்டைச் சுத்தியும் விரல் நுனியிலயும் மதமதன்னு வருது. போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து தோசைக் கரண்டியைப் பிடிச்சா கட்டைவிரல் உள்ளங்கைக்குள்ள மடங்கி இழுத்துக்கிச்சு. வீட்டுக்காரர்தான் விரலைப் பிரிச்சு விட்டாரு.

டெக்னீஷியன் தம்பி "மாத்திரையை நிறுத்திருங்கக்கா"ங்கறாரு. மெடிக்கல்ல "கால்சியம் சேர்த்து ரெண்டு போடுங்க"ங்கறாங்க. மாமியார் தினமும் ராகிக் கூழும் பிரண்டைத் துவையலும் வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. டாக்டர் எங்க யூனிட்டுக்கு வியாழக்கிழமைதான் வருவாரு, அன்னைக்கு என் ஷிப்ட் இல்லை. மாத்திரையை ரெண்டா ஒடிச்சுக் காலையில பாதி, ராத்திரி பாதி போடலாமுங்களா? இதைத் தாண்டி வந்தவங்க யாராவது சொல்லுங்க.

மதுரை மூணாவது ஷிப்ட்:

தங்கச்சி, அந்த மாத்திரையோட நானும் மல்லுக்கட்டுன ஆளுதான். முதல்ல ஒண்ணு, ஒடிக்காதீங்க. முழுசா முழுங்குற மாத்திரை அது. வெறும் டீயோட போட்டா வயித்தைப் புரட்டத்தான் செய்யும். சாப்பாட்டோடயோ சாப்பிட்டு முடிச்ச கையோடயோ போடணும், அதுவும் நாள்ல எந்தச் சாப்பாடு பெருசோ அதோட. நான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாத்திக்கிட்டேன். குமட்டல் வந்தாலும் தூக்கத்துல போயிரும். அறவே நின்னுச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா டயாலிசிஸ் நாற்காலியில வாந்தி எடுக்கறது நின்னுருச்சு. எங்க டாக்டர்ட்ட கேட்டுத்தான் மாத்தினேன், நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

வாந்திக்குன்னு கடையில நீங்களா மாத்திரை வாங்கிப் போடாதீங்க. டோம்பெரிடோன், ஆன்டான்செட்ரான் மாதிரி மாத்திரைக இதயத் துடிப்போட கணக்கை மாத்தும். கால்சியம் குறைஞ்சாலும் அதே கணக்குதான் மாறும். ரெண்டும் சேர்ந்தா வம்பு.

மாமியாரைக் கோவிச்சுக்காதீங்க, பாசத்துல செய்யிறாங்க. ஆனா கேழ்வரகுல 100 கிராமுக்கு 350 மி.கி. கிட்ட கால்சியம் இருக்குங்கிறது நல்ல கிட்னிக்காரவுகளுக்கு. வைட்டமின் டி-யை உடம்புக்கு ஆகுற மாதிரி மாத்திக் குடுக்குறதே கிட்னிதான். அது படுத்துருச்சுன்னா சாப்பாட்டுல வர்ற கால்சியத்தைக் குடல் சரியா இழுக்காது. கூடவே வர்ற பொட்டாசியம், பாஸ்பரஸ் மட்டும் நம்ம கணக்குல ஏறும். 6.4 பாஸ்பரஸை வச்சுக்கிட்டு தினம் கூழ் வேணாம். பால் டீ எத்தனை டம்ளர் குடிக்கிறீங்கன்னும் எண்ணிப் பாருங்க. மெஸ் வச்சிருக்கவுகளுக்கு அது கணக்கே தெரியாது.

விரல் மடங்குனதை மட்டும் லேசா விட்டுறாதீங்க. வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்கிற விசயம் இல்ல அது.

கோவை டயாலிசிஸ் நர்ஸ்:

அக்கா, நான் டயாலிசிஸ் யூனிட்ல வேலை பார்க்கிறேன். உங்க டாக்டர் சொல்றதுதான் முடிவு. அவர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சா பேச்சு சுருக்கமா முடியும், அதுக்காக எழுதுறேன்.

கால்சியத்துல பாதி கிட்ட ஆல்புமினைப் பிடிச்சுக்கிட்டு ரத்தத்துல சுத்தும். அதனால ஆல்புமின் 4-க்குக் கீழ இருந்தா, குறையற ஒவ்வொரு 1-க்கும் 0.8 கூட்டிப் பார்ப்பாங்க. உங்களுக்கு 0.5 குறைவு, அப்ப 0.4 கூட்டினா 8.2. இந்த மாத்திரைக்கு 8.4-ங்கிறதுதான் கோடு. அதுக்குக் கீழ இருந்தா ஆரம்பிக்கவே கூடாது. நடுவுல 8.4-க்குக் கீழ போனாலோ, மதமதப்பு மாதிரி அறிகுறி வந்தாலோ, கால்சியம் மாத்திரையையோ வைட்டமின் டி-யையோ கூட்டிப் பார்ப்பாங்க. 7.5-க்குக் கீழ இறங்கினாலோ, அதெல்லாம் கூட்டியும் அறிகுறி அடங்காட்டியோ, சினகால்செட்டை நிறுத்தி வெச்சிட்டு, கால்சியம் 8-க்கு ஏறி அறிகுறி போனதும் குறைஞ்ச டோஸ்ல திரும்ப ஆரம்பிப்பாங்க. உங்க எண் நடுவுல நிக்குது, ஆனா அறிகுறி இருக்கு. கை இழுத்துக்கிட்டதுனால இன்னைக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்க. அடுத்த மாத்திரையைப் போடலாமா வேணாமான்னு அவர் சொல்லட்டும், டெக்னீஷியன் சொல்ல வேணாம். முடிஞ்சா அயனைஸ்டு கால்சியமும் (ஆல்புமினைப் பிடிச்சுக்காம தனியாச் சுத்தற கால்சியம்) ஒரு ஈசிஜியும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க.

கடைசி ஒரு மணி நேரத்துல ஏன் வருதுன்னா, மெஷின் வழியா உங்களுக்கு பைகார்பனேட் ஏறுது. ரத்தத்துல அமிலம் குறையக் குறைய ஆல்புமின் இன்னும் கொஞ்சம் கால்சியத்தைப் பிடிச்சுக்கும். நரம்புக்கும் தசைக்கும் வேலை செய்யற கால்சியம் அந்த நேரத்துல இறங்கிடும். இதுக்கு மாத்திரையைத் தவிர இன்னொரு வழியும் இருக்கு. டயாலிசிஸ் திரவத்துலயே கால்சியம் 2.5, 3.0, 3.5-னு வரும். எந்தக் கேன் ஓடுதுன்னு கேளுங்க, லேபிள்லயே போட்டிருக்கும். 2.5 ஓடினா மாத்த முடியுமான்னு டாக்டர்தான் பார்க்கணும்.

ஒரு விஷயத்தை எங்க யூனிட்ல திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருப்பேன். கால்சியம் மாத்திரைக்கு ரெண்டு வேலை. சாப்பாட்டோட போட்டா அது குடல்ல பாஸ்பரஸைப் பிடிச்சுக்கிட்டு மலத்தோட வெளிய போயிடும், ரத்தத்துல பெரிசா ஏறாது. ரத்தத்துல ஏறணும்னா ரெண்டு சாப்பாட்டுக்கு நடுவுலயோ படுக்கப் போறப்பவோ போடணும். உங்க சீட்டுல எப்ப போடச் சொல்லியிருக்கு? வேற என்னென்ன மாத்திரை போடறீங்கன்னும் எழுதுங்க.

தொண்டை அடைக்கிற மாதிரி, மூச்சு இழுக்கிற மாதிரி, படபடப்பு, மயக்கம், வலிப்பு, இதுல எது வந்தாலும் போன் எல்லாம் பண்ணிக்கிட்டு இருக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

பவானி மெஸ்:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். டாக்டருக்குப் போன் போட்டுட்டேன். நாளைக்கு ஷிப்டுக்கு முன்னாடி ரத்தம் எடுத்து, ஈசிஜியும் எடுக்கச் சொல்லிட்டாரு. அது வரைக்கும் மாத்திரை வேண்டாம்னுட்டாரு.

மாத்திரை பட்டியல் இதுங்க: பாஸ்பரஸுக்கு செவலமர் 800 மூணு வேளையும் சாப்பாட்டோட, கால்சியம் கார்பனேட் 500 அதுவும் சாப்பாட்டோடதான், பிரஷருக்கு மெட்டோப்ரோலால் 50, வாந்திக்குன்னு பான்டாப்ரசோல் 40. கால்சிட்ரியால் (வைட்டமின் டி மாத்திரை) இல்லை.

கோவை டயாலிசிஸ் நர்ஸ்:

நல்ல வேலை பண்ணினீங்க அக்கா.

பட்டியல்ல ரெண்டு இடத்தை டாக்டர்கிட்ட சுட்டிக் காட்டுங்க. மெட்டோப்ரோலால் உடம்புல கரையற பாதையை சினகால்செட் அடைச்சுடும், அதனால அந்த மாத்திரையோட அளவு ரத்தத்துல கூடும். நாடித்துடிப்பு ரொம்பக் குறையுதா, எந்திரிச்சு நின்னா தலை சுத்துதான்னு பாருங்க. அடுத்தது பான்டாப்ரசோல். வயித்துல அமிலம் இருந்தாத்தான் கால்சியம் கார்பனேட் நல்லாக் கரையும், இது அந்த அமிலத்தைக் குறைச்சிடுது. குமட்டல் மாத்திரை நேரத்தாலதான் வந்துதுன்னா, அது தேவையான்னு டாக்டர் யோசிப்பார். நீங்களா நிறுத்த வேண்டாம், வயித்துல புண், ரத்தக்கசிவு ஏதாவது இருந்தவங்களுக்கு அது வேணும்.

கால்சிட்ரியால் ஏன் குடுக்கலைன்னு உங்களுக்குத் தோணலாம். அது கால்சியத்தோட பாஸ்பரஸையும் சேர்த்து ஏத்தும். 6.4-ல டாக்டர் தயங்கியிருப்பார். கால்சியத்தை அள்ளிக் குடுத்துடவும் மாட்டாங்க, கூடினா ரத்தக்குழாய்ல போய்ப் படியும். கேடிகோங்கற உலக அளவிலான கிட்னி அமைப்போட 2017 வழிகாட்டுதல்ல, இந்த மாத்திரை போடறவங்களுக்குக் கால்சியம் லேசாக் குறைஞ்சு தொந்தரவு எதுவும் இல்லைன்னா ஏத்தித்தான் ஆகணும்னு சொல்லலை. உங்களுக்குத் தொந்தரவு இருக்கறதாலதான் கதை வேற.

பி.டி.எச். 150-க்கு வந்தே ஆகணும்னு அவசரப்பட வேண்டாம். டயாலிசிஸ்காரங்களுக்குச் சாதாரண அளவோட மேல்வரம்புல ரெண்டு மடங்குல இருந்து ஒன்பது மடங்கு வரைக்கும் இருக்கலாம், கிட்டத்தட்ட 130-ல இருந்து 600. ரொம்ப அடக்கிட்டா எலும்பு வேலை செய்யறதையே நிறுத்திடும், அதுவும் நல்லதில்லை.

திருச்சி மகள்:

எங்கப்பாவுக்கு மாத்திரை ஒத்துக்கவே இல்லை, பி.டி.எச். 2000-ஐத் தாண்டிப் போனது. கடைசியில் பாராதைராய்டு ஆபரேஷன் செய்தோம். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் நாலு சுரப்பியையும் எடுத்துவிட்டு, அதில் ஒரு துணுக்கை ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இல்லாத கை முழங்கைக்குக் கீழே பதித்து வைத்தார்கள். ஆபரேஷன் அரை நாள் வேலை. அதற்குப் பிறகுதான் கஷ்டம். அவ்வளவு நாளாகக் கால்சியத்தை இழந்துகொண்டிருந்த எலும்பெல்லாம் ரத்தத்தில் இருப்பதை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்து, கால்சியம் குளுக்கோனேட் சொட்டு சொட்டாக ஏற்றி, கை நிறைய மாத்திரை. அப்பா படுக்கையில் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார். இப்போது நன்றாக இருக்கிறார், எலும்பு வலியும் அரிப்பும் போய்விட்டது. ஆனாலும் மாத்திரையில் அடங்கக்கூடியது என்றால் நான் மாத்திரையைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஊசி இருக்கிறதாமே என்று நான் அலைந்திருக்கிறேன். எடெல்கால்செடைடு. டயாலிசிஸ் முடியும்போது லைனிலேயே போடுவார்கள், தினம் மாத்திரை விழுங்கும் வேலை இல்லை. அதனால் வாந்தி வராது என்று நினைக்காதீர்கள். 2017-ல் சினகால்செட்டோடு ஒப்பிட்ட ஆய்வில் இரண்டிலும் வாந்தி ஏறக்குறைய ஒரே அளவுதான். கால்சியம் இறங்குவது ஊசியில் இன்னும் அதிகம்.

பவானி மெஸ்:

ஒரு தகவல் சொல்லிடறேன். மறுநாள் ஈசிஜி பார்த்துட்டு பயப்பட ஒண்ணும் இல்லைன்னாரு, கால்சியம் 7.9. திரவத்தை 3.0-க்கு மாத்தியாச்சு (அது வரைக்கும் 2.5தான் ஓடியிருக்குது, லேபிளை நானே பார்த்தேன்). கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டுல இருந்து எடுத்து, படுக்கறப்ப ரெண்டு போடச் சொல்லிட்டாரு. பாஸ்பரஸுக்கு செவலமர் மட்டும் டோஸ் கூட்டி. பான்டாப்ரசோலை நிறுத்தியாச்சு. மெட்டோப்ரோலால் பாதி.

அப்புறம் திரும்பப் பார்த்ததுல 8.5 வந்துது. உதட்டு மதமதப்பு இப்ப இல்லைங்க. 30 மி.கி.யை ராத்திரிச் சாப்பாடு முடிச்சதும் போடச் சொல்லி மறுபடி ஆரம்பிச்சிருக்காரு, வாரா வாரம் கால்சியம் பார்க்கோணுமாம். குமட்டல் கொஞ்சம் இருக்குது, ஆனா காலையில தாளிக்கறப்ப நிக்க முடியுது. கூழை மாமியாரே குடிச்சுக்கறாங்க.

ஒரே ஒரு சந்தேகம். மாசாமாசம் பி.டி.எச். எடுக்கறது காலையில 6 மணிக்கு ஊசி போடறப்பங்க. மெஸ்ஸை மூடிட்டு நான் சாப்பிடறதே ராத்திரி 10 ஆயிரும். மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துல எடுத்தா எண்ணு குறைச்சலாக் காட்டும்னு யாரோ சொன்னாங்க, நிசமுங்களா?

கோவை டயாலிசிஸ் நர்ஸ்:

நிஜம்தான் அக்கா. மாத்திரை போட்ட சில மணி நேரத்துல பி.டி.எச். நல்லா இறங்கி, அப்புறம் மெல்ல ஏறும். 12 மணி நேரமாவது கழிச்சு எடுத்தாத்தான் எண்ணை நம்பலாம். 10 மணிக்குப் போட்டு 6 மணிக்கு எடுத்தா எட்டு மணி நேரம்தான் ஆகுது. ரத்தம் எடுக்கற நாளுக்கு முந்தின நாள் மட்டும் மதியச் சாப்பாட்டோட போட்டுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, பெரும்பாலும் சரின்னுதான் சொல்வாங்க. ரத்தம் எடுக்கறவங்ககிட்ட கடைசியா எத்தனை மணிக்குப் போட்டீங்கன்னு சொல்லி, சீட்டுல எழுதவும் சொல்லுங்க.

மதுரை மூணாவது ஷிப்ட்:

10 மணிக்கா சாப்பிடுறீங்க? ஊருக்கெல்லாம் சோறு போட்டுட்டு கடைசியா உக்காராதீங்க தங்கச்சி. எட்டு மணிக்கு ஒரு தட்டை எடுத்து வைக்கச் சொல்லுங்க உங்க வீட்டுக்காரரை.