கந்தசாமிப் பிள்ளையை மேடையேற்ற யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பெரம்பூர்ப் பக்கம் ஒரு சின்ன நாடகக் குழு, பழைய கதைகளை நாடகமாக்கும் போட்டி வைத்திருக்கிறது. சென்னைவாசிகள் மட்டும் எழுதலாம், முக்கால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். நான் எடுத்திருப்பது புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. உரிமைச் சிக்கல் இல்லை. அவர் மறைந்தது 1948இல். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் போனால் எழுத்து பொதுச்சொத்தாகிவிடும்.

சிக்கல் மேடையில்தான். சென்னை பிராட்வே முனையில் கடவுளும் பிள்ளையும் சந்திப்பது, ஓட்டலில் காப்பி, ரிக்‌ஷா சவாரி, அப்புறம் பிள்ளையின் வீடு என்று கதை ஊர் சுற்றுகிறது. இங்கே இருப்பதோ பத்தடி மேடை. ரிக்‌ஷாவுக்கு இரண்டு ஸ்டூல் போதும் என்று தேற்றிக்கொண்டேன்.

ஆனால் கதையின் கிண்டலில் பாதி வசனத்தில் இல்லை, கதைசொல்லியின் குரலில் இருக்கிறது. அதை வெட்டினால் வெறும் துணுக்குத் தோரணம்தான் மிஞ்சும். தெருக்கூத்தில் கதையை நடத்திக்கொண்டே கேலி பேசும் கட்டியக்காரனைப் போல ஒருவரை ஓரமாக நிறுத்திப் பேசவிடலாமா? கடவுளையே கேலி செய்ய அவனுக்குத்தான் உரிமை உண்டு. ஆனால் நகரத்துக் கதையில் அவன் ஒட்டாமல் நிற்பானோ என்று பயம்.

சிறுகதையை மேடைக்குக் கொண்டுவந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பூர்வீகம் தென்காசிக்குப் பக்கத்து மேலகரம். அந்தப் பக்கத்துக்காரர் யாராவது பேச்சுவழக்கைத் திருத்தித் தந்தால் நன்றாக இருக்கும். முதல் வரைவு தயார். கேட்பவர்களுக்கு இன்பாக்ஸில் அனுப்புகிறேன், கறாராகவே திட்டலாம்.